உபுண்டுவுக்குள் ஓர் எக்ஸ்பி: விர்ச்சுவல்பாக்ஸோடு மூன்று வருடம்

போன வாரம் பக்கத்து ஊரில் அச்சகம் வைத்திருக்கும் தம்பி ஒருவர் போன் செய்தார். "அண்ணே, உங்க கம்ப்யூட்டர்ல லினக்ஸுக்குள்ள எக்ஸ்பி ஓடுதாமே, பேஜ்மேக்கர்லாம் அப்படியே வருதாமே. நானும் போட்டுக்கலாமா?" கேட்ட நேரம் அப்படி. மூன்று நாள் மல்லுக்கட்டி அந்த எக்ஸ்பியை அப்போதுதான் மறுபடி ஓடவிட்டிருந்தேன். பாதி புகழ்ந்தேன், பாதி திட்டினேன், நடுவில் கடைக்கு ஆள் வந்துவிட்டதால் போனை வைத்துவிட்டேன். அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. அதனால் ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

விர்ச்சுவல்பாக்ஸ் என்றால் என்ன, எங்கிருந்து இறக்குவது என்பதையெல்லாம் சொல்லப்போவதில்லை. ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள். உபுண்டு என்ற லினக்ஸுக்குள் பழைய விண்டோஸ் எக்ஸ்பியை நான் ஓட்டுவது அதில்தான். உபுண்டுவின் களஞ்சியத்திலேயே இருக்கிறது, காசு கிடையாது. அது போதும். என் கதை அதைப் போட்ட பிறகு நடந்தது.

எனக்குக் கும்பகோணம் பக்கம் சின்ன அச்சகம். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, பில் புக் எல்லாம் உண்டென்றாலும் பெரிய வேலை கும்பாபிஷேகப் பத்திரிகைதான். ஒரு கோயிலுக்குக் குடமுழுக்கு ஆனால் 12 வருடம் கழித்து அடுத்தது. அப்போது கமிட்டிக்காரர்கள் பழைய பத்திரிகை ஒன்றைத் தூசு தட்டி எடுத்துவந்து, "போன தடவை மாதிரியே அடிச்சுடுங்க, தேதியும் உபயதாரர் பேரும் மட்டும் மாத்திக்கலாம்" என்பார்கள். அந்தப் "போன தடவை" ஃபைல் பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் இருக்கிறது. 2001-இல் வந்த பதிப்பு. அதற்கு மேல் புதுப் பதிப்பே வரவில்லை. எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான யுனிகோடு அதற்குத் தெரியாது. எழுத்தெல்லாம் டேப் குறியாக்கத்தில். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழக அரசு தரப்படுத்திய டாம், டேப் இரண்டில் ஒன்று அது. 2010-இல் அரசே யுனிகோடுக்கு மாறிவிட்டது. என் ஹார்டு டிஸ்க் மாறவில்லை.

போதாக்குறைக்கு அந்தத் தமிழ் எழுத்துரு மென்பொருளுக்கு ஒரு டாங்கிள் வேறு. கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் துண்டு. அதை யுஎஸ்பியில் சொருகினால்தான் விசைப்பலகை தமிழில் அடிக்கும். இல்லாவிட்டால் ஊமை.

2022-இல் எக்ஸ்பி ஓடிக்கொண்டிருந்த பழைய பெட்டியின் மதர்போர்டில் கெப்பாசிட்டர்கள் உப்பி வெடித்தன. சரிசெய்ய வந்தவர் பார்த்துவிட்டு, "சார், இதுக்குப் போர்டே கிடைக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். புதுப் பெட்டி வாங்கினேன். இன்டெல் பிராசசர், 8 ஜிபி நினைவகம். அக்கா மகன் அதில் உபுண்டு 22.04 போட்டுக்கொடுத்து, "மாமா, எக்ஸ்பியை விர்ச்சுவல்பாக்ஸ்ல ஏத்திக்கோங்க, அரை மணி நேர வேலை" என்றான். சொல்லிவிட்டு பெங்களூருக்கு பஸ் ஏறிவிட்டான். அந்த அரை மணி நேரம் எனக்கு இரண்டு நாள் ஆனது.

முதல் தடங்கல் சின்னது. கம்ப்யூட்டர் கிளம்பும்போது நுழையும் பயாஸ் அமைப்பில், விடி-எக்ஸ் (ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொன்றை ஓட்ட இன்டெல் பிராசசர் தரும் வசதி) அணைத்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளே போய் இயக்கினேன், முடிந்தது. இரண்டாவதுதான் விஷயம்.

விர்ச்சுவல்பாக்ஸைப் போடும்போதே டெர்மினலில் ஊதா நிறத் திரை ஒன்று வந்தது. செக்யூர் பூட் (கையொப்பம் சரியாக இருப்பதை மட்டும் ஏறவிடும் காவல்) பற்றி ஏதோ நீளமாக எழுதி, கடைசியில் ஒரு கடவுச்சொல் கேட்டது. குறைந்தது எட்டு எழுத்து. கேட்கிறதே என்று ஏதோ ஒன்றைத் தட்டினேன். எதற்கு என்று யோசிக்கவில்லை. நீங்களும் யோசித்திருக்க மாட்டீர்கள். பிறகு ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டு, வாசலில் பேப்பர் லோடு வந்து நின்றதால் எண்ணி இறக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது உபுண்டு வழக்கம்போலத் திறந்து நின்றது. எக்ஸ்பிக்காக விர்ச்சுவல்பாக்ஸில் புது மெய்நிகர் மெஷின் உருவாக்கி ஸ்டார்ட் அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வந்தது. கெர்னல் (லினக்ஸின் உட்கரு) டிரைவர் நிறுவப்படவில்லை, பிழை எண் ஆர்சி மைனஸ் 1908.

இந்த 1908-ஐப் பற்றித்தான் எனக்கு மூன்று வருடமாகக் கோபம். அந்தப் பெட்டி சொல்வது இதுதான்: டிரைவர் ஏறவில்லை அல்லது சரியாக அமையவில்லை, விர்ச்சுவல்பாக்ஸ் டிகேஎம்எஸ் பேக்கேஜை மறுபடி நிறுவுங்கள், வீபாக்ஸ்டிரவ் மாட்யூலை ஏற்றுங்கள். மறுபடி நிறுவினேன். மறுபடி அதே பெட்டி. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முதலிலிருந்து நிறுவினேன். அதே பெட்டி. நியாயமாகச் சொன்னால் அதன் கடைசி வரிகளில் செக்யூர் பூட் இருந்தால் மாட்யூல்களுக்குக் கையொப்பமிட வேண்டியிருக்கலாம் என்றும் ஒரு வார்த்தை இருக்கிறது. எப்படிக் கையொப்பமிடுவது? "உங்கள் லினக்ஸின் ஆவணத்தைப் பாருங்கள்." மண்டபத்துக்கு வழி கேட்டால் "ஊருக்குள்ள போய்க் கேளுங்க" என்பது போல.

விஷயம் இதுதான் என்று பிறகு புரிந்தது. விர்ச்சுவல்பாக்ஸ் வெறும் செயலியாக மட்டும் ஓட முடியாது. பிராசசரின் அந்த விடி-எக்ஸ் வசதியைத் தொட கெர்னலுக்குள் அதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் வீபாக்ஸ்டிரவ். கெர்னல் மாறினால் அதற்கேற்ற மாட்யூலையும் புதிதாகச் செய்தாக வேண்டும். அச்சு மெஷின் சைஸ் மாறினால் பழைய பிளேட் பொருந்தாது இல்லையா, அது மாதிரி. டிகேஎம்எஸ் என்பது ஒவ்வொரு கெர்னலுக்கும் அந்தப் பிளேட்டை நம் கம்ப்யூட்டரிலேயே தானாகப் போட்டுக்கொடுக்கும் ஏற்பாடு. ஆனால் செக்யூர் பூட் இருக்கும் கம்ப்யூட்டரில் கையொப்பம் இல்லாத மாட்யூல் கெர்னலுக்குள் போகாது. நம் வீட்டில் செய்த பிளேட்டுக்கு நாமே ஒரு சாவி உண்டாக்கிக் கையொப்பமிட்டு, அந்தச் சாவியை நம்பலாம் என்று கம்ப்யூட்டர் கிளம்பும்போதே, லினக்ஸ் ஏறுவதற்கு முன்பே, நேரில் வந்து ஒப்புக்கொள்ள வேண்டும். ஊதாத் திரை கேட்ட கடவுச்சொல் அதற்குத்தான்.

அந்த ஒப்புதல் கேட்பது ஒரு நீலத் திரை. ரீஸ்டார்ட் ஆனதும் வரும், ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லும், 10 விநாடி எண்ணும். நாம் அழுத்தாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் உபுண்டுவுக்குப் போய்விடும். கேட்ட கோரிக்கையும் அதோடு போச்சு. நான் பேப்பர் ரீமை எண்ணிக்கொண்டிருந்த 10 விநாடி அதுதான்.

டெர்மினலில் மோட்ப்ரோப் கொடுத்து மாட்யூலைக் கையால் ஏற்றிப் பார்த்தபோதுதான் உண்மை வெளியே வந்தது. "சாவி நிராகரிக்கப்பட்டது" என்று ஒரே வரி. அந்த ஒரு வரியை முதலிலேயே அந்தப் பெட்டி காட்டியிருந்தால் எனக்கு ஒன்றரை நாள் மிச்சம். பிறகு மோக்யூடில் கட்டளையால் சாவியை மறுபடி இம்போர்ட் செய்தேன். சாவி இருப்பது வார் அடைவுக்குள் லிப், அதற்குள் ஷிம்-சைன்டு, அதற்குள் மோக். புதுக் கடவுச்சொல் கொடுத்து, ரீஸ்டார்ட் செய்து, இந்த முறை ஸ்டூலைப் போட்டுத் திரை முன்னாலேயே உட்கார்ந்தேன். நீலத் திரை. விசை அழுத்து. என்ரோல் மோக். கன்டினியூ. யெஸ். கடவுச்சொல். ரீபூட். அந்தக் கடவுச்சொல் அந்த ஒரு தடவைக்குத்தான். மறந்தால் குடி முழுகாது, மறுபடி இம்போர்ட் செய்துகொள்ளலாம். எண்களாகவே வையுங்கள், அந்தத் திரையில் தட்டுவது கண்ணுக்குத் தெரியாது.

எக்ஸ்பி நின்றது. பச்சை மலை, நீல வானம். அதைப் பார்த்து எங்கள் டிடிபி அக்கா, "அட, நம்ம கம்ப்யூட்டர்!" என்றார். அவர் 20 வருடமாக அதில்தான் அடிக்கிறார்.

டாங்கிள் ஒரு நாள் கண்ணாமூச்சி காட்டியது. யுஎஸ்பி பட்டியலில் ஒன்றுமே வரவில்லை. நம் யூசரை வீபாக்ஸ்யூசர்ஸ் குழுவில் சேர்த்து, லாக் அவுட் செய்து திரும்ப உள்ளே வந்தால்தான் யுஎஸ்பி சாதனங்கள் தெரியும். சேர்த்தால் மட்டும் போதாது, லாக் அவுட் முக்கியம். அதைத்தான் நான் செய்யவில்லை. இன்னொன்று, கூடுதல் வசதிகளுக்கு எக்ஸ்டென்ஷன் பேக் என்று தனியாக ஒன்று உண்டு. அதன் இலவச உரிமம் சொந்த உபயோகத்துக்கும் கல்விக்கும் சோதித்துப் பார்ப்பதற்கும்தான், கடை வைத்துச் சம்பாதிப்பவருக்கு இலவசம் கிடையாது. நான் போடவே இல்லை. என் டாங்கிள் பழைய யுஎஸ்பி 1.1 ஆசாமி, அடிப்படைப் பேக்கேஜே அதற்குப் போதும்.

சரி, இனி நல்லதைச் சொல்கிறேன். இதைச் சொல்லாவிட்டால் பாவம்.

முதலாவது, ஸ்னாப்ஷாட். மெஷினின் ஒரு நிலையை அப்படியே பதிந்துவைத்து, வேண்டும்போது அதற்கே திரும்பும் வசதி. வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவ் என்றால் அச்சகக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கும். ஃபோல்டர் மாதிரி ஐகான் போட்டுக்கொண்டு 'நியூ ஃபோல்டர் எக்ஸ்இ' என்று வருமே, அந்தக் காலத்து வைரஸ். ஊரில் சில பென்டிரைவ்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரு நாள் அக்கா ஒரு கண்ணீர் அஞ்சலி போட்டோவைத் தேடும்போது அதை டபுள் கிளிக் செய்துவிட்டார். டாஸ்க் மேனேஜர் திறக்கவில்லை, ஃபோல்டர் ஆப்ஷன்ஸ் காணோம். பழைய பெட்டியாக இருந்தால் ஃபார்மட், எக்ஸ்பி சிடி, டிரைவர் சிடி, எழுத்துரு சிடி, ஒரு முழு நாள். இப்போது மெஷினை மூடினேன், "சுத்தமான எக்ஸ்பி" என்று பெயர் வைத்திருந்த ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினேன், திறந்தேன். அக்கா டீ கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. வேலை ஃபைல்கள் எல்லாம் உபுண்டு பக்கம் ஷேர்டு ஃபோல்டரில் இருப்பதால் ஒன்றும் போகவில்லை. அங்கே அந்த வைரஸ் போட்டு வைத்திருந்த எக்ஸ்இ குட்டிகளை உபுண்டுவிலிருந்தே அழித்தேன். லினக்ஸுக்கு அவை வெறும் ஃபைல்.

இரண்டாவது, மெஷினை அணைக்காமல் நிலையைச் சேமித்து மூடும் வசதி. சாயங்காலம் கரண்ட் போகும்போல் இருந்தால் அக்கா அப்படியே மூடிவிடுவார். மறுநாள் காலையில் திறந்தால் பேஜ்மேக்கரில் "நான்காம் கால யாகசாலை பூ" என்பதற்குப் பக்கத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருக்கும். மிச்சம் "ஜை"யை அடிக்க வேண்டியதுதான். இதைப் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

மூன்றாவதாகப் பெரிதாக ஒன்றுமில்லை, வேகம். 512 எம்பி நினைவகம் கொடுத்தால் எக்ஸ்பிக்கு ராஜ வாழ்க்கை. அதன் நெட்வொர்க் கேபிளை மெய்நிகராகக் கழற்றியே வைத்திருக்கிறேன். 2014 ஏப்ரலோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன சிஸ்டத்தை இணையத்தில் விடுவது வாசற்கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவது போலத்தான். அச்சுக்குப் போஸ்ட்ஸ்கிரிப்ட் ஃபைலாக ஷேர்டு ஃபோல்டரில் கொட்டிவிடுவேன். உபுண்டுவில் கோஸ்ட்ஸ்கிரிப்ட் அதைப் பிடிஎஃப் ஆக்கிவிடும், எழுத்து ஒன்றும் உடையாமல்.

வலது கன்ட்ரோல் விசையை விர்ச்சுவல்பாக்ஸ் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் என்பதை அக்கா இன்னும் மன்னிக்கவில்லை. அதை வேறு விசைக்கு மாற்றிக்கொடுத்தேன். அதையும் மன்னிக்கவில்லை.

ஆக, ஓடும்போது குறை சொல்ல ஒன்றும் கிடையாது. எனக்குத் தீராத எரிச்சல் அது ஓடாமல் போகும் நாள்களில்தான், அப்போது அது பேசும் விதத்தில்தான்.

2024 தொடக்கத்தில் உபுண்டு 22.04-க்கு 6.5 கெர்னல் வந்தது. காலையில் ஸ்டார்ட் அழுத்தினால் மறுபடி 1908, எழுத்து மாறாமல் அதே பெட்டி. எனக்குத்தான் காரணம் தெரியுமே என்று நேராக மோக்யூடிலுக்குப் போனேன், நீலத் திரைக்குக் காவல் உட்கார்ந்தேன், எல்லாம் செய்தேன். அதே பெட்டி. இந்த முறை சாவியில் கோளாறே இல்லை. புதுக் கெர்னலை ஜிசிசி-12 என்ற கம்பைலரைக் கொண்டு கம்பைல் செய்திருக்கிறார்கள். என் கம்ப்யூட்டரில் இருந்தது ஜிசிசி-11. டிகேஎம்எஸ் மாட்யூலைச் செய்யப் பார்த்து, "ஜிசிசி-12 காணோம்" என்று தன் மேக் லாக் ஃபைலில் ஒரு வரி எழுதிவைத்துவிட்டு ஓய்ந்துவிட்டது. ஜிசிசி-12-ஐ நிறுவி, டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால் கொடுத்தேன், இரண்டு நிமிடத்தில் சரியானது. அந்த ஒரு வரியைத் தேடிக் கண்டுபிடிக்க ஆனது ஒரு முழு மதியம்.

கெர்னல் ஹெடர்ஸ் (மாட்யூலைச் செய்யத் தேவையான கெர்னல் ஃபைல்கள்) இல்லாவிட்டாலும் இதே 1908. சாவி இல்லாவிட்டாலும் 1908. கம்பைலர் இல்லாவிட்டாலும் 1908. காய்ச்சல், கால் சுளுக்கு, பல்வலி எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரையை எழுதிக்கொடுக்கும் வைத்தியர் மாதிரி, எது கேட்டாலும் "டிகேஎம்எஸ்ஸை மறுபடி போடு". ஆகவே முதல் பாடம்: அந்தப் பெட்டியைப் படிக்காதீர்கள். மூடிவிட்டு டெர்மினலில் மோட்ப்ரோப் கொடுங்கள். மாட்யூல் கிடைக்கவில்லை என்றால் கம்பைல் ஆகவில்லை, லாக்கைப் பாருங்கள். சாவி நிராகரிப்பு என்றால் நீலத் திரை. ஆனால் ஆகஸ்டில் இந்தப் பாடமும் செல்லாமல் போனது.

அதற்குள் நான் உபுண்டு 24.04-க்கு மாறியிருந்தேன், விர்ச்சுவல்பாக்ஸும் 7.0 ஆகியிருந்தது. 2025 ஆகஸ்டில் 6.14 கெர்னல் அப்டேட்டாக வந்தது. ஆவணி முகூர்த்த நேரம். மேசையில் ஒரு கிராமத்துக் கோயில் பத்திரிகை, 2013-இல் நாங்களே அடித்தது. புரூஃப் வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையில் ஸ்டார்ட் அழுத்தினேன். 1908 வரவில்லை! மாட்யூல் ஒழுங்காக ஏறியிருக்கிறது, சாவி சரி, கம்பைலர் சரி. புதிதாக ஒன்று: விஇஆர்ஆர்_விஎம்எக்ஸ்_இன்_விஎம்எக்ஸ்_ரூட்_மோட். விடி-எக்ஸை வேறொரு ஹைப்பர்வைசர், அதாவது விர்ச்சுவல்பாக்ஸ் மாதிரி இன்னொரு மென்பொருள், பயன்படுத்துகிறதாம்.

வேறொன்றா? என்னிடம் வேறு எதுவும் கிடையாதே. கழற்றி மாட்டினேன். பயாஸுக்குள் போய் விடி-எக்ஸை அணைத்து மறுபடி இயக்கினேன். பெங்களூரில் இருக்கும் அக்கா மகனுக்குப் போன் செய்தேன், மீட்டிங்கில் இருக்கிறேன் என்றான். அப்டேட்டைத் திருப்பிவிடலாம் என்று கம்ப்யூட்டர் கிளம்பும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துக் கிளம்பினால் எக்ஸ்பி சமர்த்தாக ஓடியது. (இது தெரிந்திருந்தால் செவ்வாயே புரூஃப் முடிந்திருக்கும். எந்தக் கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகும் முதலில் செய்ய வேண்டியது இதுதான். பழைய கெர்னல் அங்கேயேதான் இருக்கும்.) ஆக, குற்றவாளி 6.14-க்குள் இருக்கிறது என்பது புதன்கிழமை இரவு தெரிந்தது. யார் என்பது வியாழக்கிழமை.

அந்த "வேறொரு ஹைப்பர்வைசர்" கேவிஎம். லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருப்பது. நாம் கேட்டாலும் கேட்காவிட்டாலும், விடி-எக்ஸ் இருக்கும் இன்டெல் பெட்டியில் கேவிஎம்_இன்டெல் மாட்யூல் தானாக ஏறி உட்கார்ந்துகொள்ளும். முன்பெல்லாம் உட்கார்ந்தாலும் தொந்தரவில்லை. கேவிஎம்மில் யாராவது ஒரு மெஷினைத் திறந்தால்தான் விடி-எக்ஸை எடுத்துக்கொள்ளும். 6.12 கெர்னலிலிருந்து வழக்கத்தை மாற்றிவிட்டார்கள். மாட்யூல் ஏறும்போதே விடி-எக்ஸைக் கைப்பற்றிக்கொள்கிறது. பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அதேதான். ஆள் ஏறவே போவதில்லை, துண்டு மட்டும் கிடக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் நின்றுகொண்டு வர வேண்டியிருக்கிறது.

துண்டை எடுத்துப்போட்டால் தீர்ந்தது. அப்போதைக்கு மட்டும் என்றால், மோட்ப்ரோப் கட்டளையில் நீக்கும் விருப்பத்தைக் கொடுத்து கேவிஎம்_இன்டெல் மாட்யூலை இறக்கிவிடலாம். ஏஎம்டி பெட்டி என்றால் கேவிஎம்_ஏஎம்டி. ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி வந்து உட்காரும். நிரந்தரமாக வேண்டுமென்றால் ஈடிசி-க்குள் டிஃபால்ட் அடைவில் இருக்கும் கிரப் ஃபைலைத் திறந்து, கெர்னல் விருப்பங்கள் இருக்கும் வரியில் கேவிஎம், புள்ளி, எனேபிள்_விர்ட்_அட்_லோட், சமக்குறி, 0 என்று சேர்த்து, அப்டேட்-கிரப் கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். கேவிஎம் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடும். ஒரே நேரத்தில் இரண்டையும் ஓட்டாத வரை இரண்டும் சண்டையில்லாமல் இருக்கும்.

வியாழன் இரவு பத்து மணிக்கு எக்ஸ்பி எழுந்து நின்றது. அக்கா வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். வெள்ளி காலை ஆறரைக்கே வந்து, பழைய உபயதாரர் பட்டியலைத் திறந்துவைத்துக்கொண்டு, கமிட்டிக்காரர் எழுதிக்கொடுத்த காகிதத்தோடு ஒப்பிட்டு, யார் யார் இப்போது இல்லை என்று ஒவ்வொரு பெயராக எடுத்துக்கொண்டிருந்தார். சிலருடைய பெயரை எடுக்காமல் முன்னால் "அமரர்" சேர்த்தார். புரூஃப் சாயங்காலம் போனது.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? விர்ச்சுவல்பாக்ஸைச் சொல்வது முழு நியாயமில்லை. அது ஜெர்மனியில் இன்னோடெக் என்ற நிறுவனத்தில் பிறந்தது, 2007 ஜனவரியில் திறந்த மூலமாக வெளிவந்தது, 2008-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கைக்குப் போனது, 2010-இல் சன்னோடு சேர்ந்து ஆரக்கிளுக்குப் போனது. கேவிஎம் வந்தது 2007 பிப்ரவரியில், 2.6.20 கெர்னலோடு. ஒரே மாத இடைவெளியில் இரண்டு பிள்ளைகள். ஒன்று வீட்டுக்குள்ளேயே வளர்ந்தது, இன்னொன்று வெளியே வாடகைக்கு இருக்கிறது. வீட்டுக்காரர் எப்போது வேண்டுமானாலும் பூட்டை மாற்றுவார். கெர்னலின் உள் இடைமுகங்கள் இப்படியே இருக்கும் என்று உத்தரவாதம் கிடையாது, வெளியே இருக்கும் மாட்யூல்கள்தான் பின்னால் ஓடிவர வேண்டும் என்று கெர்னல்காரர்கள் வெளிப்படையாகவே சொல்கிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம்தான். ஆனால் வெள்ளிக்கிழமை புரூஃப் கொடுக்க வேண்டியவனுக்கு இந்த நியாயம் எதற்கு?

கோபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேவிஎம் பக்கமே போய்ப் பார்த்தேன், அதை ஓட்ட உதவும் விர்ட்-மேனேஜர் வழியாக. தனி மாட்யூல் இல்லை, சாவி இல்லை, நீலத் திரை இல்லை. எக்ஸ்பி எழுந்து நின்றது, டாங்கிளையும் கண்டுகொண்டது. அமைப்பு என்று பார்த்தால் அதுதான் ஒழுங்கு, சந்தேகமே இல்லை. ஆனால் ஷேர்டு ஃபோல்டருக்கு நான் சாம்பா என்ற ஃபைல் பகிர்வு மென்பொருளைக் கட்டி இழுக்க வேண்டியிருந்தது. ஜன்னலைப் பெரிதாக்கினால் திரை கூடவே விரியவில்லை. திங்கட்கிழமை அக்கா பத்து நிமிடம் அடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, பழைய பொட்டியையே போட்டுடுங்க" என்றார். மறுபேச்சு பேசவில்லை.

இனி தம்பி கேட்ட கேள்வி. போட்டுக்கொள்ளலாமா?

இன்றைய மனநிலையில் ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் தருவேன். அந்த இரண்டும் ஸ்னாப்ஷாட்டுக்கு. மூன்று வருடத்தில் மூன்று தடவை கழுத்தில் கத்தி வைத்தது, அதில் இரண்டு தடவை வாயைத் திறந்து காரணத்தைச் சொல்லவில்லை. புதிதாக ஆரம்பிப்பவர் கேவிஎம்மையே கற்றுக்கொள்ளட்டும். விர்ச்சுவல்பாக்ஸ் பழகாத அக்காவுக்கு எதுவும் பழகிவிடும். உபுண்டு, டெர்மினல் என்றால் பயப்படுகிறவர் இந்தப் பக்கமே வர வேண்டாம். கெப்பாசிட்டர் மாற்றத் தெரிந்த ஆளைத் தேடிப் பிடித்துப் பழைய பெட்டியையே ஓட்டட்டும். இதைத்தான் போனில் சொல்லியிருக்க வேண்டும்.

நேற்று அவர் கடைக்கே வந்துவிட்டார். அக்கா எக்ஸ்பியைத் திறந்தார். கர்சர் முந்தின நாள் நின்ற இடத்திலேயே துடித்துக்கொண்டிருந்தது. அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்ப வேணாங்கிறீங்களா அண்ணே?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். அவருடைய எக்ஸ்பி சிடி, எழுத்துரு சிடி, டாங்கிள் மூன்றையும் எடுத்துக்கொண்டு. ஆறு இலக்கத்தில் ஒரு கடவுச்சொல் யோசித்து வையுங்கள் என்றேன், பிறகு எட்டு என்று திருத்தினேன். அதுவரை கெர்னல் அப்டேட் என்று எது வந்து கேட்டாலும் என்னைக் கேட்காமல் யெஸ் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன்.